வெளிக் கட்டளை தோற்றது உங்கள் நிரலுக்குத் தெரியுமா?

(திரையில்: கோத்தகிரி, மேகம் இறங்கிய தேயிலைச் சரிவு)

வணக்கம். இங்கே ஒரு கொள்முதல் மையத்தில் சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையை எடை போட்டு, அன்றன்றைய கணக்கை ஒரு கோப்பில் எழுதுவார்கள். இரவில் அந்தக் கோப்பைக் குன்னூரில் உள்ள சர்வருக்கு அனுப்ப நான் ஒரு பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். கோப்புகளை வேறு கணினிக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) என்ற வெளிக் கட்டளையை அது ஓட்டும், பிறகு "அனுப்பியாச்சு" என்று பதிவில் எழுதும்.

ஆடிக் காற்றில் மரம் விழுந்து இணைய லைன் போனது. மூன்று நாள் கணக்கு போகவில்லை. பதிவில் மூன்று நாளும் "அனுப்பியாச்சு". மழையில் நனைந்து பறித்த இலையின் எடை அது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

(திரையில்: பழைய நிரல்)

தவறு என்னுடையது. எந்தக் கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் வெற்றி. வேறு எண் வந்தால் ஏதோ கோளாறு. பைத்தானில் வெளிக் கட்டளையை ஓட்டித் தரும் சப்ப்ராசஸ் டாட் ரன் (subprocess.run) அந்த எண்ணை ரிட்டர்ன்கோடில் வைத்துவிட்டு, நாம் கேட்காதவரை பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். நான் கேட்கவே இல்லை.

சரி, ரன்னுக்குள் செக் ஈக்வல்ஸ் ட்ரூ (check=True) சேர்த்துவிடுங்கள். 0 வராவிட்டால் கால்டு ப்ராசஸ் எரர் (CalledProcessError) என்ற பிழை எழும், "அனுப்பியாச்சு" வரியை நிரல் தொடாது. அதைப் பிடிக்கும் இடத்தில் எண்ணையும் பதிவு செய்யுங்கள். ஆர்சிங்கில் 23 என்றால் சில கோப்புகள் போகவில்லை. 255 வந்தால் எஸ்எஸ்எச் (SSH) இணைப்பையே, அதாவது சர்வருக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பையே பாருங்கள். கேப்ச்சர் அவுட்புட்டும் ட்ரூ (capture_output=True) என்றால், கட்டளை சொன்ன பிழைச் செய்தி எஸ்டிடிஎர்ரில் (stderr) கிடைக்கும்.

லைன் அரைகுறையாக இருக்கும் இரவுதான் இன்னும் மோசம். பிழையும் வராது, கட்டளையும் முடியாது. டைம்அவுட் 120 விநாடி கொடுங்கள். தாண்டினால் ரன் அந்தக் கட்டளையை நிறுத்தி, டைம்அவுட் எக்ஸ்பயர்டு (TimeoutExpired) என்ற பிழையை எழுப்பும். அப்புறம் மறுபடி முயலலாம். அதே கோப்பை ஆர்சிங்க் திரும்ப அனுப்பினாலும் கணக்கு இரட்டிக்காது. பணம் அனுப்பும் கட்டளையை மட்டும் இப்படிக் கண்மூடித்தனமாகத் திரும்ப ஓட்டாதீர்கள்.

கட்டளையைப் பட்டியலாகக் கொடுங்கள், ஷெல் ட்ரூ (shell=True) வேண்டாம். ஷெல் என்பது கட்டளை வரியைப் படித்து ஓட்டும் நிரல். "கட்டபெட்டு ஜூலை" என்று இடைவெளியுள்ள கோப்புப் பெயரை ஷெல் இரண்டாக வெட்டிவிடும்.

(திரையில்: மையத்தின் கணினி, சிவப்பில் 255)

இப்போது லைன் போன மறுநாள், மையத்தைத் திறப்பவர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். கோப்பைப் பென்டிரைவில் போட்டு, குன்னூர் பஸ்ஸில் போகிறவரிடம் கொடுத்துவிடுகிறார்.