சகாடாவின் நாற்காலி

பின்னால் திரையில் இருக்கிற படத்தில் எல்லாரும் சவப்பெட்டியைத்தான் பார்க்கிறீர்கள், தெரிகிறது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில் பெட்டி பெட்டியாகத் தொங்கினால் கண் அங்கேதான் போகும். கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி மாட்டியிருக்கிறது அல்லவா? நான் பேச வந்தது அதைப் பற்றி.

ஊர் சகாடா. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடக்கே கோர்டில்லெரா மலைத்தொடரில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாகியோ நகரத்தில் பஸ் ஏறினால் ஐந்தாறு மணி நேரம் ஆகும்; வழியில் ஹல்செமா சாலை ஓரிடத்தில் 2,200 மீட்டரையும் தாண்டுகிறது, மழைக்காலத்தில் மண் சரிந்துவிட்டால் அவ்வளவுதான், பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஊர்க்காரர்கள் கான்கனாய் இனத்தவர். சுற்றியுள்ள மலை மக்களையும் இவர்களையும் சேர்த்து இகோரோட் என்பார்கள்.

சரி, நாற்காலிக்கு வருவோம். அதன் பெயர் சங்காடில். பழைய வழக்கப்படி, வயதானவர் ஒருவர் இறந்தால் படுக்க வைப்பதில்லை, உட்கார வைப்பார்கள். நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, போர்வை போர்த்தி, புகை போட்டு, பல நாள் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். பன்றியும் கோழியும் அறுத்து ஊருக்கே சாப்பாடு நடக்கும், செத்தவரும் கூடவே உட்கார்ந்திருப்பார். அப்புறம் கருவில் குழந்தை சுருண்டிருப்பது போல முழங்காலை மடக்கிப் போர்வையில் சுற்றி, கை மாற்றிக் கை மாற்றிப் பாறைக்குத் தூக்கிப் போவார்கள். வழியில் உடலிலிருந்து கசிவது தன்மேல் பட்டால் செத்தவரின் திறமையும் அதிர்ஷ்டமும் வந்து சேரும் என்று முண்டியடித்துத் தோள் கொடுப்பார்களாம். உங்கள் முகம் சுளிக்கிறது, முதலில் படித்தபோது எனக்கும் சுளித்தது. பயந்து ஒதுங்குகிற இடத்தில் ஒரு ஊரே முன்னால் வந்து நிற்கிறதே என்று பிறகுதான் தோன்றியது.

பழைய பெட்டிகள் ஒரு மீட்டர் நீளம்தான் இருக்கும், அதனால் பார்க்கிறவர்கள் குழந்தைகளுடையதோ என்று பதறுகிறார்கள். மடக்கி வைத்த பெரியவர்கள் அவர்கள். பிற்காலத்துப் பெட்டிகள் ஆள் நீளம். எலும்பை மடக்கப் பிள்ளைகளுக்கு மனசு வரவில்லை என்கிறார்கள். பாறையில் தொங்கும் மரியாதை எல்லாருக்கும் கிடையாது, பேரன் பேத்தி எடுத்து இயற்கையாகச் செத்திருக்க வேண்டும். லுமியாங் குகை வாசலில் தொங்கவிடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளும் இருக்கின்றன.

செத்தவர்கள் மட்டுமில்லை, இந்த ஊரில் இருப்பவர்களும் உட்கார்ந்துதான் காரியம் செய்கிறார்கள். தப்-அய் என்று ஒரு இடம்: கல் பாவிய தரை, வட்டமாகக் கல் இருக்கைகள், நடுவில் நெருப்பு, பக்கத்தில் ஒரு குடிசை. முன்பெல்லாம் பையன்கள் இரவில் அங்கேதான் படுப்பார்கள். வழக்கு, நடவு, பெக்னாஸ் என்கிற நன்றித் திருவிழா எல்லாவற்றையும் பெரியவர்கள் அங்கே கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள். ஒபாயா என்று அறிவித்துவிட்டால் அன்று யாரும் வயலில் இறங்கக் கூடாது. ஊருக்கே லீவு!

மலையில் தங்கம் இருக்கிறது என்று ஸ்பானியர்கள் ஏறி வந்தார்கள். முந்நூறு வருஷம் முயன்றும் கோர்டில்லெரா முழுசாக அவர்கள் கைக்கு வரவில்லை. இதை வைத்து ஒரு பெரிய கேள்வி கேட்டவர் வில்லியம் ஹென்றி ஸ்காட், சகாடாவிலேயே வாழ்ந்து பாடம் நடத்திய அமெரிக்க வரலாற்றாசிரியர். அவர் சொன்னதைச் சுருக்கினால்: ஸ்பானியர் வருவதற்கு முன்னால் அங்கே சிறுபான்மை என்று யாருமே இல்லை, அடங்கியவர்கள் பெரும்பான்மை ஆனார்கள், அடங்காதவர்களுக்குச் சிறுபான்மை என்று பெயர் விழுந்தது. 1972இல் ராணுவச் சட்டம் வந்தபோது அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள், பிறகு விடுதலையானார்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் வந்தார்கள். 1904இல் எபிஸ்கோபல் சபைப் பாதிரியார் ஜான் ஸ்டாண்டன் வந்தார், பொறியியல் படித்த மனிதர். மரம் அறுக்கும் ஆலை போட்டார், கல் வெட்டினார், தூய மரியன்னை கோயில் எழும்பியது, 1912இல் பள்ளிக்கூடமும் வந்தது. ஊர் கிறிஸ்தவ ஊராகிவிட்டது. ஆனால் தப்-அய் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவரே பெக்னாஸுக்கும் போய் நிற்பார்.

இப்போது சுற்றுலா வேறு. 2014இல் இங்கே எடுத்த ஒரு காதல் படம் ஓடியதிலிருந்து கூட்டம் எகிறிவிட்டது. பெட்டிகள் தொங்குகிற இடத்துக்கு எக்கோ, அதாவது எதிரொலிப் பள்ளத்தாக்கு என்று பெயர் இருப்பதால் பாறைக்கு எதிரே நின்று கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது இடுகாடு ஐயா! கத்தாதீர்கள் என்று வழிகாட்டிகள் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நீங்கள் போவதானால் நவம்பர் 1 மாலையில் அங்கே இருங்கள். மற்ற ஊர்களில் கிறிஸ்தவர்கள் செத்தவர்களை நினைத்துக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், இவர்கள் சலேங் என்கிற பிசின் ஊறிய பைன் விறகை எரிப்பார்கள். பனாக்-அபோய் என்று பெயர். விறகு கோயிலில் மந்திரிக்கப்பட்டு வரும், குடும்பம் குடும்பமாக அவரவர் கல்லறையில் சின்னச் சின்னக் குவியலாக வைத்துக் கொளுத்துவார்கள், பொழுது சாயச் சாயக் குன்று முழுக்கத் தீயாகத் தெரியும். பிசின் விறகாயிற்றே, புகை கரேலென்று எழும்பும், கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் நிற்க வேண்டும். 1993இல் இறந்த ஸ்காட்டைப் புதைத்ததும் அந்தக் குன்றில்தான்.