10 மைக்ரோ ஃபாரட் செராமிக்: 5 வோல்ட்ல எவ்வளவு மிஞ்சும்?

வணக்கம். ட்வீசர்ல பிடிச்சிருக்கிறது 0603 சைஸ் செராமிக் கெப்பாசிட்டர். 10 மைக்ரோ ஃபாரட், 6.3 வோல்ட், எக்ஸ்5ஆர் (செராமிக் வகையைச் சொல்ற குறியீடு). இதை 5 வோல்ட் லைன்ல போட்டா மதிப்பு பாதி அளவுக்கும் கீழ இறங்கிடலாம். பார்ட் கெட்டுப்போகல, உள்ள இருக்கிற டைஎலக்ட்ரிக்கோட, அதாவது மின்காப்புப் பொருளோட, குணமே அதுதான்.

அளந்தே பாத்துடலாம். ஜெனரேட்டர்லேர்ந்து 1 கிலோ ஓம், அடுத்து கெப்பாசிட்டர், மறுமுனை கிரவுண்ட். 10 ஹெர்ட்ஸ் சதுர அலை, உச்சத்துக்கு உச்சம் 0.5 வோல்ட். ஆஃப்செட், அதாவது அலையோட சேர்த்துக் குடுக்கிற டிசி வோல்ட்டேஜ், 0. கெப்பாசிட்டர் மேல ஆசிலோஸ்கோப் வச்சு, அலை 63 சதவீதம் ஏற எத்தனை மில்லி செகண்ட் ஆகுதுன்னு பாருங்க. ரெசிஸ்டர் 1 கிலோ ஓம்ங்கிறதால அந்த எண்தான் மைக்ரோ ஃபாரட். இப்ப ஆஃப்செட்டை 5 வோல்ட்டுக்கு ஏத்துங்க. கோடு சட்டுனு நிமிருது பாருங்க. 4 மில்லி செகண்ட் வந்தா, கையில இருக்கிறது 4 மைக்ரோ ஃபாரட்தான். ஒண்ணு கவனிங்க, ஸ்கோப்பை ஏசி கப்ளிங்ல (டிசியைத் தடுத்துட்டு அலையை மட்டும் காட்டுற செட்டிங்) வைக்காதீங்க. 10 ஹெர்ட்ஸ்ல அலையோட தலையே சாஞ்சு, கணக்கு தப்பாயிடும்.

ஏன் இறங்குது? உள்ள இருக்கிறது பேரியம் டைட்டனேட். அதோட படிகத்துல டைட்டானியம் அயனி கொஞ்சம் நகரும். அந்த அசைவாலதான் மின்காப்பு மாறிலி (இது கூடினா கெப்பாசிட்டர் மதிப்பும் கூடும்) ஆயிரக்கணக்குல வருது. இந்தச் சின்ன பார்ட்ல ஒவ்வொரு அடுக்கும் சுமார் 1 மைக்ரான்தான். 5 வோல்ட்னா மில்லிமீட்டருக்கு 5000 வோல்ட் அழுத்தம்! அதுல அயனிகள் ஒருபக்கமா ஒதுங்கி நின்னுடும், மேற்கொண்டு அசைய இடமிருக்காது.

எக்ஸ்7ஆர்ங்கிற இன்னொரு வகையை வாங்கிட்டா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. அந்தக் குறியீடு மைனஸ் 55லேர்ந்து 125 டிகிரி வரைக்கும் 15 சதவீதத்துக்கு மேல மாறாதுன்னு சொல்லுது, அவ்வளவுதான். வோல்ட்டேஜைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. அதே சைஸ்ல அதிக வோல்ட் ரேட்டிங் போட்டாலும் பல சமயம் பெருசா மாறாது. 0805, 1206னு சைஸைக் கூட்டுங்க, டேட்டாஷீட்ல டிசி பயஸ் வரைபடத்தை (டிசி வோல்ட்டேஜ் ஏற ஏற மதிப்பு எவ்வளவு இறங்குதுன்னு காட்டுறது) பாத்துட்டு எடுங்க.

டைமிங், ஆடியோ ஃபில்டர்னா சி0ஜிங்கிற செராமிக் வகை, இல்ல பாலிப்ரொப்பிலின் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்க. சி0ஜியோட மாறிலி நூறுக்கும் கீழ, அதனால பெரிய மதிப்பு கிடைக்காது. ஆனா வோல்ட்டேஜுக்கு அசையாது. எக்ஸ்5ஆரை ஆடியோ ஃபில்டர்ல போட்டா, சிக்னலோட ஏற்ற இறக்கத்துக்கே மதிப்பு மாறி, டிஸ்டார்ஷன் கேக்கும்.

இன்னொண்ணு, எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆரை சால்டர் பண்ணின கையோட அளக்காதீங்க. சூட்டுல படிகம் புதுசான மாதிரி ஆகி, மதிப்பு கூடுதலா காட்டும். 24 மணி நேரம் கழிச்சு அளங்க.