வித்தவர் ஆன்டிக்னு சொன்னாரு, சாதா .22ன்னு சொன்னாரு, ரெண்டுமே தப்பு | வின்செஸ்டர் 1890 பம்ப் ரைஃபிள்

வணக்கம் மக்களே. இன்னைக்கு காத்து கொஞ்சம் ஜாஸ்தி, மைக்ல இரையும், பொறுத்துக்கோங்க. வியாழக்கிழமை மத்தியானம், துப்பாக்கி சுடற ரேஞ்சுல ஒரு ஈ காக்கா இல்ல, ஆபீஸ்ல அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். வீட்ல உண்மையச் சொல்லிட்டுத்தான் வந்தேன், அதனால திரும்பும்போது பால் வாங்கிட்டுப் போகணும், அதான் டீல்.

சரி, இதப் பாருங்க. கேமராவுக்குக் கிட்ட காட்டறேன். மொதல்ல காலி பண்ணிக்கறேன்... பம்ப இழுத்தாச்சு, தோட்டா உக்காந்து வெடிக்கற சேம்பர் காலி, தோட்டா அடுக்கற ட்யூப் காலி, விரல விட்டும் பாத்துட்டேன். எத்தனை தடவ பாத்தாலும் தப்பில்ல. இதுதான் வின்செஸ்டர் மாடல் 1890. பேரல் ரவுண்டா இல்ல பாருங்க, எட்டுப் பட்டை, 24 இன்ச். பின்னாடி கட்டையோட அடியில இருக்கற இரும்புத் தகடு பிறை மாதிரி வளைஞ்சிருக்கு, தோள்ல சரியா வைக்கலேன்னா அந்த ரெண்டு கொம்பும் குத்தும். முன்னாடி இந்த உருண்டைக் கட்டை, கோடு கோடா வெட்டியிருக்கே, இதத்தான் பம்ப் பண்ணணும். பின்னாடி இழுத்தா சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூடு, அதான் கேஸ், வெளிய துள்ளும், அடிக்கற ஹேமர் ஏறிக்கும். முன்னாடி தள்ளினா புது தோட்டா சேம்பருக்குள்ள போகும். க்ளிக் க்ளாக். இந்த சத்தத்துக்கே காசு குடுக்கலாம்.

இத டிசைன் பண்ணது ஜான் பிரவுனிங்கும் அவர் தம்பி மேத்யூவும், யூட்டால ஆக்டன்கற ஊர்ல இருந்து. அந்தக் கத நல்லாருக்கும். வரைபடத்த மட்டும் வின்செஸ்டருக்கு அனுப்பினாங்க, அங்கேருந்து இது வேலை செய்யாதுன்னு பதில் வந்துச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாதாடிட்டு இருக்கல, துப்பாக்கியையே செஞ்சு அனுப்பிட்டாங்க, சுட்டுப் பாத்துக்கோன்னு. 1888ல பேட்டன்ட், 1890ல மார்க்கெட். அதுக்கப்புறம் 1932 வரைக்கும் எட்டு லட்சத்துக்கும் மேல செஞ்சு வித்திருக்காங்க. வேலை செய்யாதுன்னு சொன்ன சாமான் எட்டு லட்சம்!

இதுக்கு முன்னாடியே கோல்ட் கம்பெனி லைட்னிங்னு ஒரு .22 பம்ப், அதாவது 0.22 இன்ச் வாக்குல தோட்டா போடறது, கொண்டு வந்தாங்க, 1887ல. அழகான துப்பாக்கிதான், ஆனா 1904லயே நிறுத்திட்டாங்க, மொத்தமே தொண்ணூறாயிரம் கிட்டதான். நான் ரெண்டு தடவ கையில புடிச்சுப் பாத்திருக்கேன், விலையக் கேட்டுட்டு மெதுவா மேசை மேல வச்சுட்டு வந்துட்டேன்.

இப்ப இது எங்க ஓடுச்சுன்னு சொல்லணும். நம்ம மெரினால பலூன் சுடற கடை இருக்கில்ல, ஏர் கன் வச்சு? அதே கடை இங்க அமெரிக்கால நூறு வருஷத்துக்கு முன்னாடி நிஜ .22 தோட்டாவோட ஓடியிருக்கு. நியூயார்க்ல கோனி ஐலண்ட், அப்புறம் ஊர் ஊரா நடக்கற கவுண்டி ஃபேர், எல்லாத்துலயும் ஷூட்டிங் கேலரி. வார்ப்பிரும்புல வாத்து, முயல், நட்சத்திரம்னு வரிசையா செயின்ல ஓடும், பட்டா டிங்குன்னு விழும். கோனி ஐலண்ட்ல மேங்கல்ஸ்னு ஒருத்தர், ராட்டினம் செய்யறவர், அவர்தான் இந்த கேலரி டார்கெட்டும் செஞ்சாரு. இன்னைக்கு அந்த இரும்பு வாத்தையே தேடிச் சேக்கறவங்க இருக்காங்க, சில வாத்து துப்பாக்கிய விட விலை ஜாஸ்தி, சத்தியமா.

கேலரில இருந்தது முக்காவாசி இந்த மாதிரி பம்ப்தான், தோட்டா .22 ஷார்ட். 1857லேருந்து இருக்கற தோட்டா அது, 29 கிரெய்ன் ஈயம், ரெண்டு கிராமுக்கும் கம்மி, சத்தம் கம்மி, விலையும் கம்மி. கடைக்காரப் பையன் முன்னாடியே சின்ன குழாய்ல பதினஞ்சு எண்ணிப் போட்டு வச்சிருப்பான், அத அப்படியே துப்பாக்கி ட்யூப்ல கவுத்துட்டு அடுத்த ஆள் கையில குடுப்பான். ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் தடவ இந்தக் கட்டை முன்னாடி பின்னாடி போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால கேலரி துப்பாக்கி வாங்கும்போது கட்டையத்தான் மொதல்ல பாப்பேன், அந்தக் கோடெல்லாம் மழுங்கி சோப்புக்கட்டி மாதிரி ஆயிருந்தா அது நல்லா ஒழைச்ச துப்பாக்கி. எனக்கு அந்த மாதிரிதான் புடிக்கும், பளபளன்னு இருக்கறத விட. பளபளன்னு இருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும், ஏன்னு இப்ப சொல்றேன்.

இத நான் வாங்கினது போன வருஷம், பென்சில்வேனியாலயே ஒரு கன் ஷோல. ஒரு பெரியவர், மேசைல ஏழெட்டு பழைய ரைஃபிள். இத எடுத்தேன், கரு நீலமா மின்னுச்சு. ஆன்டிக் தம்பி, 1800கள்ல செஞ்சதுன்னாரு. என்ன தோட்டான்னு கேட்டேன், சாதா .22தான், வால்மார்ட்ல வாங்கிப் போடுன்னாரு. நானும் தலைய ஆட்டிட்டு காச எண்ணிக் குடுத்துட்டேன். இத்தன வருஷமா இந்த சேனல்ல உங்களுக்கு பாடம் எடுக்கறவன், பேரல் மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கல. படிக்கவும் முடியல, அது வேற விஷயம். யாரோ ஒரு புண்ணியவான் பேரலத் தேச்சு, புதுசா ப்ளூயிங், அந்த நீலப் பூச்சு, போட்டு, எழுத்தெல்லாம் போயே போச்சு. எட்டுப் பட்டையோட விளிம்பெல்லாம் ரவுண்டு தட்டியிருக்கு பாருங்க, கத்தி மாதிரி இருக்கணும் அது. அங்கயே எனக்கு மணி அடிச்சிருக்கணும்.

ரேஞ்சுக்கு கொண்டு வந்து .22 லாங் ரைஃபிள் தோட்டா, அதான் அவர் சொன்ன சாதா .22, போட்டேன். மொத தோட்டாவே மேல ஏறாம கோணலா நின்னுச்சு, பழைய துப்பாக்கிதானேன்னு விரலால தட்டி விட்டு உள்ள தள்ளிட்டேன். ட்ரிக்கர் அழுத்தினேன். சத்தம் வழக்கமான சத்தம் இல்ல, ஒரு சீறல், கன்னத்துல சூடா பொடி மாதிரி என்னவோ பட்டுச்சு. கண்ணாடி போட்டிருந்தேன், கண்ணு தப்பிச்சுது. பம்ப இழுத்தா கேஸ் வெளிய வருது... இருங்க, வச்சிருக்கேன், பாக்கெட்லயே இருக்கு. தெரியுதா? பக்கவாட்டுல நீளமா கிழிஞ்சிருக்கு, வெடிச்ச வெண்டக்கா மாதிரி. அடிப்பக்கம் ஊதிப் போயிருக்கு. ரிம்ஃபயர்னா விளிம்புல அடிச்சா வெடிக்கற தோட்டா, அந்த கேஸோட பித்தளை ரொம்ப மெல்லிசு, சுத்தி சேம்பர் சுவர் இறுக்கமாத் தாங்கலேன்னா அது கிழியத்தான் செய்யும், கிழிஞ்சா உள்ள இருக்கற சூடான வாயு எந்த வழி கிடைக்குதோ அந்த வழியா வரும், உங்க மூஞ்சிதான் பின்னாடி இருக்கு.

அன்னைக்கு ஒண்ணோட நிறுத்திட்டேன்.

வீட்டுக்கு வந்து சேம்பர் காஸ்ட், அதாவது சேம்பரோட அச்சு, எடுத்தேன். செரோசேஃப்னு ஒரு உலோகக் கலவை, எழுவதுலேருந்து தொண்ணூறு டிகிரிக்குள்ளயே உருகிடும், சுடுதண்ணிலயே உருக்கலாம். ஆனா அதுல ஈயமும் கேட்மியமும் இருக்கு, அதனால அதுக்குன்னு தனியா ஒரு டப்பா, சமையல் பாத்திரத்துப் பக்கமே போகக் கூடாது. நான் தனி டப்பாதான் வச்சேன், அத எடுத்துட்டுப் போய் அடுப்புல வச்சதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கத, இப்பல்லாம் கராஜ்தான். சேம்பரப் பின்னாடி மூடற போல்ட்ட கழட்டிட்டு, பேரல நிமித்தி வச்சு, உள்ள துணிய அடைச்சு, சேம்பருக்குள்ள ஊத்தணும். கொஞ்ச நேரத்துல இறுகி, சுருங்கும், அப்பத்தான் வெளிய எடுக்க முடியும். ஆனா உடனே அளக்கக் கூடாது, ஒரு மணி நேரம் விடணும், சுருங்கினது மறுபடி விரிஞ்சு சரியா சேம்பர் அளவுக்கு வரும். அப்ப வெர்னியர் வச்சுப் பாத்தேன். லாங் ரைஃபிள் கேஸ் 0.226 இன்ச் தடிமன். என் காஸ்ட் 0.24ஐத் தாண்டிப் போகுது, நீளமும் ரொம்ப ஜாஸ்தி.

அது .22 டபிள்யூ ஆர் எஃப். வின்செஸ்டர் ரிம்ஃபயர். இந்த துப்பாக்கிக்காகவே 1890ல கொண்டு வந்த தோட்டா, 45 கிரெய்ன், மூக்கு தட்டையா இருக்கும். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, அதனால மெதுவாவே சொல்றேன். 1890ங்கறது ஒரு துப்பாக்கிக்கு ஒரு தோட்டா. ஷார்ட்டுக்கு செஞ்சது ஷார்ட் மட்டும், லாங்குக்கு செஞ்சது லாங் மட்டும், டபிள்யூ ஆர் எஃப்க்கு செஞ்சது அது மட்டும், லாங் ரைஃபிள் 1919லதான் இந்த மாடலுக்கு வந்துச்சு. ஷார்ட்டு, லாங்கு, லாங் ரைஃபிள் மூணையும் கலந்து போடறது மாடல் 1906ல, அதுவும் 1908க்கு அப்புறம். அது இதோட தம்பி, 20 இன்ச் ரவுண்டு பேரல், விலை கம்மி. அதையும் இதையும் ஜனங்க போட்டுக் குழப்பிக்கறாங்க, பாக்கவும் ஒண்ணாத்தான் இருக்கும். அப்புறம் 1932ல வந்த மாடல் 62, அதுவும் மூணையும் சாப்பிடும். சுடறதுக்குன்னு மட்டும் ஒண்ணு வேணும்னா 62 வாங்குங்க, இல்ல அதப் பாத்து பிரேசில்ல ரோஸி கம்பெனி செஞ்சதையாவது வாங்குங்க, தலைவலி இல்ல.

இன்னொன்னு கமென்ட்ல கேப்பீங்க, இதவிட பவர் ஜாஸ்தியான .22 மேக்னம் தோட்டா போடலாமான்னு. கூடாது. டபிள்யூ ஆர் எஃப் தோட்டாவ மேக்னம் துப்பாக்கில போட்டு சுடலாம், திருப்பிப் போடவே கூடாது, பிரஷர் எங்கயோ போயிடும்.

சரி, ரெண்டாவது தப்பு, ஆன்டிக். அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி ஆன்டிக்னா 1898லயோ அதுக்கு முன்னாடியோ செஞ்சது. 1899 ஜனவரின்னா கூட ஆன்டிக் இல்ல, சாதா துப்பாக்கிதான். அம்பது வருஷத்துக்கு மேல ஆனது க்யூரியோ அண்ட் ரெலிக்னு தனி வகை, அதுக்கு, சேகரிக்கறவங்களுக்குன்னு இருக்கற கலெக்டர் லைசென்ஸ் எடுத்துக்கலாம், மூணு வருஷத்துக்கு 30 டாலர். ஆன்டிக்கா இல்லையாங்கறது விலையிலயும் தெரியும், தபால்ல வாங்கறதுலயும் தெரியும். என் துப்பாக்கி செகண்ட் மாடல், பிரிச்சு ரெண்டா கழட்டலாம், இந்த இடது பக்கத் திருகு இருக்கில்ல இதத் திருகினா போதும். மொத பதினஞ்சாயிரம் சொச்சம் கழட்ட முடியாம வந்துச்சு, 1892லேருந்து கழட்டற மாதிரி. 1901 வரைக்கும் ரிசீவர், அதான் நடுவுல இருக்கற இரும்புக் கூடு, கேஸ் ஹார்டனிங்னு ஒரு பதம் போட்டது, பெட்ரோல் தண்ணில மிதக்குமே அந்த மாதிரி கலர் கலரா, அப்புறம்தான் நீலம். என்னோடது நீலம், ஆனா மறுபடி பூசின நீலமாச்சே, அத நம்ப முடியுமா? அதனால கீழ டாங்குல, ரிசீவருக்குப் பின்னாடி நீளற இரும்புப் பட்டைல, இருக்கற சீரியல் நம்பர எடுத்து லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாத்தேன். 1904. ஆறு வருஷம் லேட்டு.

இதையும் சொல்லிடறேன், மெசேஜ் வருது நிறைய. ஹெச்1பி மாதிரி தற்காலிக (நான்-இமிகிரன்ட்) விசால இருக்கறவங்க இங்க துப்பாக்கி வச்சிருக்கறது பொதுவா ஃபெடரல் குத்தம், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, ஆனா வக்கீலக் கேக்காம என் வீடியோவ நம்பி எதுவும் பண்ணாதீங்க. நான் கிரீன் கார்டு வர்ற வரைக்கும் மியூசியத்துலதான் பாத்துட்டு இருந்தேன். வயோமிங்ல கோடின்னு ஒரு ஊரு, அங்க இருக்கற ஃபயர்ஆர்ம்ஸ் மியூசியத்துல வின்செஸ்டரோட பழைய ரிக்கார்டு எல்லாம் இருக்கு, போனா ஒரு நாள் பத்தாது. ஊருக்கு எடுத்துட்டு வருவியான்னு மாமா பையன் கேட்டான், ஏர்போர்ட்லயே உக்கார வச்சிடுவாங்கடான்னேன்.

பேரலுக்குள்ள லைட் அடிச்சுக் காட்டறேன்... கேமராவுல தெரியாது, நானே சொல்றேன், புள்ளி புள்ளியா குழி. அந்தக் காலத்து ப்ரைமர், தோட்டாவப் பத்த வைக்கற மருந்து, உப்பக் கக்கும், சுட்ட அன்னைக்கே கழுவலேன்னா துருதான். துரு புடிக்காத ப்ரைமர் ரெமிங்டன் 1926ல க்ளீன்போர்னு கொண்டு வந்துச்சு, அதுக்கு முன்னாடி சுட்டதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். லைனர் போடலாம், புதுக் குழாய உள்ள சொருகற வேலை, எனக்கு மனசு வரல.

இப்ப சுடலாம். டபிள்யூ ஆர் எஃப் எப்பவாவதுதான் செய்யறாங்க, வந்த ஒரு வாரத்துல காலி, நாலு மாசம் தேடி ஒரே ஒரு டப்பா கெடைச்சுது, அம்பது தோட்டா. 25 கெஜத்துல ஆறு சோடா கேன் வச்சிருக்கேன். காதுக்கு மாட்டிட்டீங்களா... நான்தான் மாட்டணும். ஒண்ணு கவனிங்க, இதுல ட்ரிக்கர அழுத்திப் புடிச்சுட்டே பம்ப் பண்ணா, முன்னாடி தள்ளின உடனே தானா வெடிக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் விரல வெளிய எடுத்துட்டுத்தான் பம்ப். சேஃப்டியும் கெடையாது, ஹேமரப் பாதில நிறுத்தற ஹாஃப் காக் மட்டும்தான்.

...

விழுந்துச்சு! பாத்தீங்களா? கேஸ எடுத்துக் காட்டறேன், இருங்க சூடு, ஊ... பாருங்க, முழுசா நேரா இருக்கு, ஒரு கீறல் இல்ல. அந்தக் கிழிஞ்சது பக்கத்துல வச்சா தெரியுது பாருங்க.

...

பன்னெண்டு சுட்டேன், நாலு கேன் விழுந்துச்சு, ரெண்டு பொழைச்சுக்கிச்சு. எல்லாமே ஒரு விரக்கடை இடது பக்கம் போகுது, குறி பாக்கற பின்னாடி சைட்ட சுத்தியல வச்சு லேசாத் தட்டணும், அதுக்கு இன்னும் அஞ்சாறு தோட்டா செலவாகும், அதான் யோசனையா இருக்கு. கையில மிச்சம் 38. யார்கிட்டயாவது டபிள்யூ ஆர் எஃப் டப்பா சும்மா கெடந்தா சொல்லுங்க, மேக்னம் வேணாம், படிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க. நான் கிளம்பறேன், பால் கடை இருக்கு.