ரிப்போர்ட்டை ஊரில் படித்துக் காட்டுங்கள்

(பாலக்கோட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பென்னாகரத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த வணிகர் சங்கப் பெரியவர்களே, தக்காளி மண்டியிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கும் விவசாயிகளே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

அரசுக்கு ஆலோசனை சொல்லவும் ஆய்வு செய்து ரிப்போர்ட் கொடுக்கவும் கான்ட்ராக்ட் கேட்டு வரும் கன்சல்டன்சி கம்பெனிகளின் யோக்கியதையை எப்படி அளப்பது? மூன்று கேள்வி போதும். முன்பு என்ன செய்தார்கள்? வேறு யாரிடம் காசு வாங்குகிறார்கள்? கொடுக்கும் ரிப்போர்ட் உண்மையா?

ஆஸ்திரேலியாவில் பிடபிள்யுசி என்ற பெரிய கன்சல்டன்சி கம்பெனியின் ஆள், வரிச் சட்டம் பற்றி அரசு நம்பிச் சொன்ன ரகசியத்தை வெளியே கசியவிட, அதை வைத்தே கம்பெனி வாடிக்கையாளர் பிடித்தது. 2023இல் விஷயம் வெடித்து, தன் அரசு ஆலோசனைப் பிரிவையே ஒரு டாலருக்கு விற்க வேண்டி வந்தது. அங்கே நாடாளுமன்றம் கேட்டது. இங்கே யார் கேட்பது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார் என் பெரியம்மா. ஒரு பங்குனி வெயிலில் குடிநீர் சர்வேக்கு இப்படி ஒரு கம்பெனி அனுப்பிய பையன் எங்கள் ஊருக்கு வந்தான். பெரியம்மா போர் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்தார். வாங்கித் திண்ணையில் வைத்தான். "குடி கண்ணு" என்றார். "இருக்கட்டும் பாட்டி" என்று பையிலிருந்த பாட்டிலைத் திறந்து குடித்தான். பக்கத்தில் நின்று அதைப் பார்த்த பேரனுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன். 'குடிநீர் தரம்: நன்று.' நாலு பக்கம் தள்ளி, எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு மாவட்டத்து ஊர்ப் பெயர்! பையனைக் குறை சொல்லமாட்டேன், கூலிக்கு வந்தவன். கையெழுத்துப் போட்ட பெரியவர் எங்கள் ஊர் எல்லையையே மிதித்ததில்லை.

அந்தப் பழுப்புக் கோடு, நிலத்தடித் தண்ணீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு உப்பின் வேலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி அது இருக்கும் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லும் எலும்பும் கெடும். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் தண்ணீர் கேட்டு இத்தனை காலம் போராடியது அதற்காகத்தான். நம் பிள்ளைகளின் பல்லை ஏட்டுச் சுரைக்காயிடம் விடலாமா?

டெண்டரில் வெளிப்படைத்தன்மைக்கு 1998இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. டெண்டர் முடிந்த பிறகு வரும் ரிப்போர்ட்டைத்தான் ஊர் பார்ப்பதில்லை. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் அதைத் தமிழில் படிக்கட்டும். ஊர் 'சரி' என்ற பிறகுதான் கம்பெனிக்குக் கடைசி பில். இந்தக் கோரிக்கையோடு கலெக்டர் ஐயாவைப் பார்க்கப் போகிறோம். கையெழுத்து நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.