ஆறு வயதுப் பல்

விழாத் தலைவர், ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே! குறித்த நேரத்துக்கு முன்பே வந்து அமர்ந்துவிட்ட வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே! தலைமையாசிரியை அம்மா அவர்களே! பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே! வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம். பந்தலும் மைக்கும் போட்டுக்கொடுத்த இளைஞர் மன்றத் தம்பிகளுக்கு நன்றி.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொத்தை, ஈறு நோய், வாய்ப்புற்று மூன்றையும் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறது. சொத்தையில் தொடங்குகிறேன்.

வாயில் இருக்கும் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகிறது. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எச்சில் அதைத் தணிக்க அரை மணி நேரம் போல ஆகும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஐந்து மிட்டாயையும் சோறு சாப்பிட்ட கையோடு தின்றால் பல்லுக்கு ஒரு அடி. மணிக்கொன்றாகத் தின்றால் ஐந்து அடி.

ஒரு தாய் தன் எட்டு வயது மகளைப் பல் மருத்துவரிடம் கூட்டிவந்தார். கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், முதல் மாதம் பாட்டி கிராம்புத் தைலம் வைத்தாராம், வலி அடங்கியது. அடுத்த மாதம் மருந்துக்கடையில் மூன்று நாள் மாத்திரை, அதுவும் அடங்கியது. அதற்கடுத்து, பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று வலி மாத்திரையையே ஈறில் அடக்கிவைத்தார்கள், ஈறு வெந்துபோனது. "ஏம்மா முன்னாடியே வரலை?" என்றார் மருத்துவர். "பால்பல்லுதானே டாக்டர், விழுந்து முளைச்சிடும்னு இருந்துட்டோம்." "இல்லம்மா, இதுதான் முளைச்ச பல்லு. இனி முளைக்காது."

தாய்மார்களே, அந்தத் தாய் மேல் குற்றமில்லை. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நான்கு கடைவாய்ப்பற்கள் சத்தமில்லாமல் முளைக்கின்றன. யாரும் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்? வேர் முழுதாய் வளர இன்னும் மூன்று வருடம் ஆகும். அதற்குள் உள்நரம்பு செத்தால் வேர்நுனி திறந்தே நின்றுவிடும். வேர் சிகிச்சைக்கு முன் நுனியைத் தனியாக அடைக்க வேண்டும். மாத்திரை வீக்கத்தைக் குறைக்கும், பல்லுக்குள் இருக்கும் சீழை எடுக்காது. தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லின் மேற்பள்ளங்கள் பிரஷ் நாரும் நுழையாத அளவு குறுகல். அங்கேதான் சொத்தை பிடிக்கிறது. அந்தப் பள்ளங்களை மூட சீலன்ட் என்ற பூச்சு இருக்கிறது: ஊசியில்லை, பல்லைக் குடைவதில்லை. பல்லைச் சுத்தம் செய்து, அமிலக் கூழை 15 முதல் 30 விநாடி தடவி, கழுவிக் காயவைத்தால் சுண்ணாம்பாய் வெளுக்கும். அதன்மேல் பூச்சு, 20 விநாடி நீல ஒளி. வெளுத்த பல்லில் எச்சில் பட்டுவிட்டால் பூச்சு பிடிக்காது, கழன்றுவிடும். பல் பாதிதான் வெளிவந்திருந்து ஈரத்தைத் தடுக்க முடியாவிட்டால், ஈரத்தை ஓரளவு தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற பல் அடைப்புப் பொருளை வைத்துவிட்டுப் பிறகு மாற்றலாம்.

வீட்டில் இரவுத் துலக்கலை விடாதீர்கள். மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு மருந்து உள்ளதாக. நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர்விட்டுக் கொப்பளித்தால் மருந்து போய்விடும்.

ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாமல், பல்லில் கல்லாய்ப் படிந்திருக்கும் காரையைப் பல் மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். புகையிலை போடுகிறவர்கள், இரண்டு வாரம் ஆறாத புண்ணைக் காட்டிவிடுங்கள். நேரமில்லை, இவற்றை இன்னொரு மேடையில் பேசுவோம்.

பல் போனால் சொல் போச்சு. நம் பிள்ளைகளுக்கு எட்டு வயதிலேயே போகிறது. கல்வி அலுவலர் ஐயாவிடம் ஒரே கோரிக்கை. பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் நிறுத்துங்கள். டார்ச் அடித்து நான்கு கடைவாய்ப்பல்லையும் அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். முளைத்தவர்களுக்கு அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் சீலன்ட் போட நாள் வாங்க வேண்டும் என்று மேலாண்மைக் குழு இன்றே தீர்மானம் எழுதட்டும். தலைவர் அவர்கள் வண்டி ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோர் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.