பாதி ஃபீஸ் தள்ளுபடின்னு லெட்டர் வந்திருக்கு, பணம் கட்டலாமா? குடியாத்தம் அம்மாவோட கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜா அனுப்பியிருக்காங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால விஷயத்தை மட்டும் சொல்றேன். இவங்க வீட்லயே பீடி சுத்துறாங்க. வீட்டுக்காரர் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை. பொண்ணு ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலதான் படிச்சிருக்கு. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 158. கம்ப்யூட்டர் எடுக்கணும்னு ஆசை. அரசு நடத்துற இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு பண்ணியாச்சு, இவங்க ரவுண்டு இன்னும் வரலை. அதுக்குள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல (டீம்டு யுனிவர்சிட்டி) இருந்து லெட்டர் வந்திருக்கு. டியூஷன் ஃபீஸ்ல 50 சதவீதம் மெரிட் ஸ்காலர்ஷிப், அஞ்சு நாளைக்குள்ள 25,000 ரூபாய் கட்டி சீட்டை உறுதி பண்ணிக்கணும்.

அந்த அம்மா சொல்றாங்க: "பாதி ஃபீஸ் குறைக்கிறாங்களே, கட்டிடலாம், மிச்சத்துக்கு லோன் போட்டுக்கலாம்ங்கிறார் எங்க வீட்டுக்காரர். பொண்ணு பாகாயம் கவர்மென்ட் காலேஜுக்கே போறேங்குது. சின்னவன் வேற பத்தாவது போறான். இன்னா பண்றதுன்னே தெரியலீங்க."

அம்மா, முதல்ல ஒண்ணு. அந்த 25,000 ரூபாயை இப்ப கட்டாதீங்க. ஏன்னு சொல்றேன்.

நீங்க அனுப்பின லெட்டர் போட்டோவைப் பெருசு பண்ணி ரெண்டு பக்கமும் படிச்சேன். முன்பக்கத்துல 50 சதவீதம்னு கட்டம் போட்டு பெரிய எழுத்துல இருக்கு. பின்பக்கத்துல பொடி எழுத்துல மூணு வரி இருக்கு பாருங்க. ஒண்ணு, ஒவ்வொரு வருஷமும் சி.ஜி.பி.ஏ., அதாவது பத்துக்குப் போடுற சராசரி மதிப்பெண், 8.5-க்குக் குறையாம இருந்தாதான் சலுகை தொடரும். ரெண்டு, ஒரு அரியர் விழுந்தாலும் சலுகை ரத்து. மூணு, கட்டணம் வருஷா வருஷம் மாறலாம். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வர்ற பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் ரொம்ப கஷ்டமான செமஸ்டர். எல்லா பாடமும் இங்கிலீஷ்ல, மேத்ஸ் புதுசா, வீட்டை விட்டு ஹாஸ்டல்ல. முப்பது வருஷத்துக்கு மேல அரசுப் பள்ளியில கணக்கு எடுத்தவன் நான். நல்லா படிக்கிற பிள்ளைங்களே அந்த முதல் ஆறு மாசம் திணறித்தான் நிமிர்வாங்க. அந்த நேரத்துல 8.5 கேக்குற சலுகையை நம்பி நாலு வருஷத்துக்குக் கணக்கு போட முடியாது.

இப்ப பணத்தைப் பாப்போம். லெட்டர்ல இருக்கிற நம்பரையே எடுத்துக்கிறேன். டியூஷன் ஃபீஸ் 3 லட்சம், பாதி போக 1,50,000. ஹாஸ்டலும் சாப்பாடும் 1,15,000. லேப், லைப்ரரி, பரீட்சை, மத்ததெல்லாம் 30,000. ஆக வருஷத்துக்கு 2,95,000. நாலு வருஷத்துக்கு 11,80,000. இது ஃபீஸ் ஒரு பைசா ஏறாம, சலுகையும் நாலு வருஷமும் நின்னாதான். முதல் வருஷத்தோட சலுகை போயிடுச்சுன்னா மூணு வருஷத்துக்கு 4,50,000 கூடும். அப்ப 16,30,000. ஆடித் தள்ளுபடியில பட்டுப்புடவைக்கு பாதி விலைன்னு போட்டிருந்தா, எவ்வளவு குறைச்சாங்கன்னா பாக்குறோம்? கல்லாவுல எவ்வளவு கட்டணும்னுதானே பாக்குறோம். இதையும் அப்படித்தான் பாக்கணும்.

வீட்டுக்காரர் லோன்னு சொல்றாரு. தப்பில்லை, கல்விக்கடன் நல்ல விஷயம்தான். 4 லட்சம் வரைக்கும் நம்ம கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் தேவையில்லை. ஆனா 10 லட்சம் வாங்குறீங்கன்னு வைங்க. வட்டி 10 சதவீதம். வருஷத்துக்கு இரண்டரை லட்சமா வங்கி கொடுக்கும். படிக்கிற நாலு வருஷமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம்பாங்க. தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அஞ்சாவது வருஷம் முடியும்போது வட்டி மட்டும் சுமார் மூணரை லட்சம் சேர்ந்திருக்கும். அப்புறம் பதிமூணரை லட்சத்தைப் பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 17,800 ரூபாய் கிட்ட வரும். வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்குற குடும்பத்துக்கு, தகுதியுள்ள காலேஜா இருந்தா, படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே ஏத்துக்கிற திட்டம் இருக்கு. அது கிடைச்சாக்கூட மாசம் 13,200 வரும். பொண்ணுக்கு முதல் வேலையில 20,000 சம்பளம்னு வைங்க. சென்னையில ரூம் வாடகை, சாப்பாடு போக அவ கையில என்ன நிக்கும்? அந்த நேரத்துல சின்னவன் காலேஜ்ல இருப்பான்.

இனிதான் முக்கியமான விஷயம். இதை நிறைய பெற்றோர் கவனிக்கிறதில்லை. அரசு கொடுக்கிற பெரிய சலுகைங்க பிள்ளை எந்த வாசல் வழியா உள்ள போகுதுங்கிறதைப் பொறுத்துதான் கிடைக்கும். அரசுப் பள்ளியில ஆறு முதல் பன்னிரண்டு வரைக்கும் படிச்ச பிள்ளைங்களுக்கு தொழிற்கல்வியில 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. மருத்துவத்துக்கு 2020-ல வந்தது, இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கு 2021-ல. அந்த ஒதுக்கீட்டுல கவுன்சலிங் மூலமா இன்ஜினியரிங் சேர்ந்தா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் தமிழ்நாடு அரசே கட்டும். அதே பிள்ளை நேரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தா இது கிடையாது. தனியார் காலேஜ்ல நிர்வாக ஒதுக்கீட்டுல (மேனேஜ்மென்ட் கோட்டா) சேர்ந்தாலும் கிடையாது. குடும்பத்துல முதல்ல பட்டம் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற முதல் பட்டதாரி சலுகையும் அப்படித்தான், கவுன்சலிங்ல வந்தாதான். அஞ்சு நாள் கெடு வைக்கிற லெட்டருக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டினா, உங்க பொண்ணு ஏழு வருஷம் அரசுப் பள்ளியில படிச்சு சம்பாதிச்ச உரிமையை விட்டுட்டுப் போகுது. எனக்கு மனசு அடிச்சுக்கிறது அதுக்குத்தான்.

பொண்ணு சொல்ற வேலூர் பாகாயம் காலேஜ், தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி. 1990-ல ஆரம்பிச்சது, அரசு காலேஜ். அங்க 7.5-ல இடம் கிடைச்சா உங்க கையில இருந்து போறது புத்தகம், துணிமணி, வழிச்செலவுதான். அதுக்கு மேல புதுமைப் பெண் திட்டம் இருக்கு. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு மேல படிக்கிற வரைக்கும் மாசம் 1,000 ரூபாய் அவ வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பர்ல இருந்து நடக்குது. வேற உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். நாலு வருஷத்துக்கு 48,000. காலேஜ்ல சேர்ந்ததும் யூமிஸ் நம்பர்னு ஒரு மாணவர் அடையாள எண் போடுவாங்க, இதுக்குன்னு ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பாங்க. அவங்களைப் பாத்து, வங்கிக் கணக்கோட ஆதார் இணைஞ்சிருக்கான்னு மட்டும் உறுதி பண்ணிக்கங்க. பணம் வரலைன்னு என்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல நிறைய பேருக்குச் சிக்கல் அந்த ஆதார் இணைப்புலதான் இருக்கும்.

சரி, பாகாயத்துல கம்ப்யூட்டர் கிடைக்காம போச்சுன்னா? உங்க வீட்டுக்காரர் மனசுல இருக்கிற பயம் இதுதான்னு நினைக்கிறேன். நியாயமான பயம். ஆனா 7.5 ஒதுக்கீடு அரசு காலேஜுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. கவுன்சலிங்ல வர்ற தனியார் காலேஜ்லயும் உண்டு, அங்கயும் ஃபீஸை அரசுதான் கட்டும். அதனால கவுன்சலிங்ல காலேஜையும் பிரிவையும் வரிசையாப் போடுற விருப்பப் பட்டியல்ல பாகாயத்தை மட்டும் போட்டுட்டு நிறுத்தாதீங்க. கம்ப்யூட்டர் இருக்கிற நல்ல தனியார் காலேஜையும் போடுங்க. பட்டியல் நீளமா இருந்தா நஷ்டமே இல்லை. வரிசை மட்டும் உங்க உண்மையான ஆசைப்படி இருக்கணும், கிடைக்குமா கிடைக்காதான்னு யோசிச்சு வரிசையை மாத்தாதீங்க.

நல்ல காலேஜ்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னா, அண்ணா பல்கலைக்கழகம் காலேஜ் வாரியா தேர்ச்சி சதவீதம் போடுது, அதைப் பாருங்க. பாடப்பிரிவோட தரத்தைப் பாத்துக் கொடுக்கிற என்.பி.ஏ. அங்கீகாரம் அந்த குறிப்பிட்ட பாடப்பிரிவுக்கு இருக்கான்னு பாருங்க, காலேஜுக்குப் பொதுவா இருக்குன்னு சொல்றதை ஏத்துக்காதீங்க. விளம்பரப் பலகையில ஒரு பையன் வாங்கின பெரிய சம்பளத்தைப் போட்டிருப்பாங்க. அந்தப் பிரிவுல மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது, நடுவுல இருக்கிற பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம்னு கேளுங்க. எல்லாத்தையும் விட, ஒரு நாள் நேர்ல போங்க. குடியாத்தத்துல இருந்து காட்பாடிக்கு ரயில்ல வந்து இறங்கினா, பாகாயத்துக்கு 1, 2 நம்பர் டவுன் பஸ் இருக்கு. கேட்கிட்ட நின்னு மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணுங்க நாலு பேர்கிட்ட உங்க பொண்ணையே பேச விடுங்க. லேப் திறந்திருக்கா, வாத்தியார் வர்றாரா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, எல்லாம் பத்து நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

கம்ப்யூட்டர் எங்கயுமே வரலை, பாகாயத்துல எலக்ட்ரானிக்ஸோ எலக்ட்ரிக்கலோதான் வருதுன்னா? நான் எடுத்துக்கச் சொல்லுவேன். அதைப் படிச்சுக்கிட்டே புரோகிராமிங் கத்துக்கிட்டு சாஃப்ட்வேர் வேலைக்குப் போன பிள்ளைங்க நிறைய பேர். கடன் இல்லாம வெளிய வர்ற பொண்ணுக்குப் பிடிச்ச வேலைக்குக் காத்திருக்கத் தெம்பு இருக்கும். மாசம் 17,000 கட்ட வேண்டிய பொண்ணு கிடைச்ச வேலைக்குப் போயாகணும்.

கவுன்சலிங்ல ஒரு இடத்துல ஜாக்கிரதையா இருங்க. அரசுப் பள்ளி பிள்ளைங்க பொதுப் பிரிவுலயும் கலந்துக்கலாம், 7.5 பிரிவுலயும் கலந்துக்கலாம். ரெண்டுலயும் இடம் ஒதுக்கி வந்தா ஒண்ணைத்தான் எடுக்கணும். பொதுப் பிரிவுல வந்த இடத்தை எடுத்துட்டா அந்த முழு ஃபீஸ் சலுகை வராது. கம்ப்யூட்டர் சென்டர்ல யாரோ ஒருத்தர்கிட்ட பாஸ்வேர்டைக் கொடுத்துட்டு வந்துடாதீங்க. அந்த பட்டனை அழுத்துறப்ப பொண்ணு பக்கத்துல உக்காந்து, எந்தப் பிரிவுன்னு வாய்விட்டுப் படிச்சுட்டு அழுத்தணும். ஒதுக்கீடு வந்தப்புறம் கொடுத்த நாளுக்குள்ள போய்ச் சேர்ந்துடணும், விட்டா இடம் போயிடும்.

ஒருவேளை நீங்க இந்த வீடியோவைப் பாக்குறதுக்குள்ள 25,000 கட்டியிருந்தா பதறாதீங்க. சேர்க்கையை ரத்து பண்ணினா பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்னு யு.ஜி.சி. விதி இருக்கு. எவ்வளவு சீக்கிரம் எழுதிக் கொடுக்கிறீங்களோ அவ்வளவு அதிகமா திரும்ப வரும். ஈமெயில்ல எழுதுங்க, போன்ல சொன்னா சாட்சி இருக்காது. ஆனா ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க. சரிபார்த்துட்டு அப்பவே கையில கொடுக்கணும்ங்கிறதுதான் விதி. போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், நல்ல அரசு காலேஜ்ல இடம் கிடைச்சும் டி.சி. வேற ஒரு காலேஜ் பீரோவுல மாட்டிக்கிட்டு, வாங்க அலைஞ்சு அலைஞ்சு கடைசி நாள் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தான்.

எல்லா தனியார் உதவியும் இந்த லெட்டர் மாதிரி இல்லைங்கிறதையும் சொல்லணும். நம்ம வேலூர் வி.ஐ.டி.யில ஸ்டார்ஸ்னு ஒரு திட்டம், 2008-ல ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுல ஒவ்வொரு மாவட்டத்துலயும் அரசுப் பள்ளியில முதலிடம் வாங்குற ஒரு பையன், ஒரு பொண்ணுக்கு படிப்பு, தங்குறது, சாப்பாடு மொத்தமும் இலவசம். உண்மையான உதவி அந்த மாதிரி இருக்கும். கலை அறிவியல் படிக்கிற நம்ம பழைய வடஆற்காடு பக்கத்துப் பிள்ளைங்களுக்கு வேலூர்ல அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை உதவுது, அதுக்கும் விண்ணப்பம் போடலாம்.

உங்க தெருவுல பீடி சுத்துற மத்த அம்மாமாருக்கு ஒரு தகவல். பிள்ளை அரசுப் பள்ளியில படிக்கலை, 7.5 இல்லைன்னா கைவிட்டுட வேண்டாம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தா, மத்திய தொழிலாளர் அமைச்சகத்தோட உதவித்தொகை இருக்கு. தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கு வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரைக்கும். பொண்ணுங்களுக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யோட பிரகதி உதவித்தொகை வருஷத்துக்கு 50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா போதும், முதல் வருஷம் சேரும்போதே போடணும். ரெண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்துலதான் விண்ணப்பம். ஆனா ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஒண்ணுதான். அடையாள அட்டையில பேரும் ஆதார்ல பேரும் ஒரே எழுத்துல இருக்கான்னு இப்பவே பாருங்க, ஒரு இனிஷியல் மாறினாலும் விண்ணப்பம் நின்னுடும்.

சின்னவனைப் பத்திக் கேட்டிருந்தீங்க. அவன் அரசுப் பள்ளியில படிக்கிறான்னா பதினொண்ணாவதுக்கும் அங்கயே விடுங்க. ரெண்டு வருஷத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாத்தினா இந்த 7.5 அவனுக்குப் போயிடும். பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபாய் 2024 ஆகஸ்ட்ல இருந்து கொடுக்கிறாங்க, அதுக்கும் அதே அரசுப் பள்ளி படிப்புதான் தகுதி. பொண்ணோட விருப்பப் பட்டியலைப் போட்டு முடிச்சதும், உறுதி பண்றதுக்கு முன்னாடி, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. வரிசையை நான் பாத்துச் சொல்றேன்.