தும்பியின் கண்ணைப் பிடிப்பது எப்படி?

வணக்கம் நேயர்களே. பூச்சிகளைக் கிட்டத்தில் படம் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, "உங்களிடம் என்ன லென்ஸ்?" என்பதுதான். லென்ஸ் முக்கியம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் படம் மங்கலாக வருவதற்கு லென்ஸ் காரணமாக இருப்பது குறைவு.

ஒரு கணக்கைப் பாருங்கள். பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் அதன் உருவம், கமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சரில் விழுந்தால் அது 1:1. முழு அளவு சென்சர் உள்ள கமராவில் லென்ஸின் துவாரத்தை எஃப் 11 என்று வைத்து (இந்த எண் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும்) அப்படி எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1.3 மில்லிமீற்றர். நீங்கள் மூச்சு விடும்போது உடம்பு இதைவிடக் கூடுதலாக அசைகிறது!

துவாரத்தை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடாதா? கூடும். ஆனால் ஒளி சின்னத் துவாரத்தால் போகும்போது வளைந்து பரவும். படம் முழுவதும் மழுங்கிவிடும். அதிலும் 1:1 அளவில் எஃப் 16 என்று வைத்தால் அது எஃப் 32 போலத்தான் வேலை செய்யும். நான் 8க்கும் 11க்கும் இடையில் நிற்பேன்.

சரி, ஆழத்தை அதற்குமேல் கூட்ட முடியாது என்றால் இருக்கிற ஆழத்தை எங்கே போடுவது? வட்டையில் வரம்போரம் ஒரு தும்பி இருக்கிறது. பக்கவாட்டில் போய், அதன் உடம்பும் கமராவின் முதுகும் சமாந்தரமாக வரும்படி குந்துங்கள். கண்ணிலிருந்து வால் நுனிவரை ஒரே தளத்தில் விழும். சிறகை மூடிய வண்ணத்துப்பூச்சிக்கும் இதுதான் வழி. நேரே முன்னால் இருந்துதான் எடுப்பேன் என்றால் கண்ணை மட்டும் பிடியுங்கள், மற்றதெல்லாம் கலங்கட்டும்.

கமரா தானாகவே தெளிவு பிடிக்கிற ஓட்டோ ஃபோகஸை நிறுத்திவிடுங்கள். வேண்டிய பெரிதாக்கத்துக்கு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை மெல்ல முன்னே சாயுங்கள். கண்ணில் அந்தச் சின்னஞ்சிறு அறுகோணக் கட்டங்கள் தெளிந்து வரும் நேரம் தொடராக அழுத்துங்கள். தும்பி பறந்துபோனால் துரத்த வேண்டாம். பல தும்பிகள் விட்டுப்போன குச்சிக்கே திரும்பி வரும். உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது.

நம் பக்கத்தில் பெரிய தொல்லை காற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறியபின் வாவிக்கரையில் ஒரு புல்லும் சும்மா நிற்காது. விடிந்த கையோடு போனால் காற்றும் குறைவு, உடம்பு சூடேறாத பூச்சிகளும் சட்டென்று பறக்காது. பிறகு, ஃபிளாஷ். குறைந்த வலுவில் வைத்தால் அதன் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கும் குறைவான நேரமே மின்னும். சின்ன அசைவெல்லாம் அதில் உறைந்துவிடும். முன்னால் ஒரு வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி மூடியை வைத்து வெளிச்சத்தைப் பரப்பாவிட்டால், வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு எரிந்து நிற்கும்.

போனில் எடுக்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். சென்சர் சின்னது என்பதால் ஆழம் தாராளம். கிளிப் லென்ஸை மாட்டி, திரையில் கண்ணின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு போனைத்தான் முன்பின் நகர்த்த வேண்டும்.

வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த பல படங்களைக் கணினியில் ஒன்றாக இணைக்கவும் முடியும். ஹெலிகன் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் அதற்கென்றே இருக்கின்றன. பூச்சி அசையாமல் இருந்தால்தான் அது சரிவரும். அதற்காகப் பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

எடுத்த படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்கால் தெளிந்து கண் மங்கியிருந்தால் ஃபோகஸ் முன்னால் விழுந்திருக்கிறது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் முன்னே சாய வேண்டும். எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் அது ஃபோகஸ் பிழையல்ல, கை அசைவு அல்லது காற்று. நன்றி, வணக்கம்.